தெரியுமா? கடைக்குப் போன குழந்தையும் 453 மணி நேர நேரலையும்

2021-ல் அமேசான் பிரைமில் வந்த 'எங்க சிரி பாப்போம்' நினைவிருக்கிறதா? அதைத் தொகுத்து வழங்கியவர்களில் ஒருவரான நடிகர் விவேக் மறைந்து நாலு மாதம் கழித்து வெளியான நிகழ்ச்சி. பத்து பேரை ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் அடைத்துவைத்து, மற்றவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும், தான் மட்டும் சிரிக்கவே கூடாது என்று விட்டுவிடுவார்கள். சதீஷும் புகழும் பிரேம்ஜியும் உதட்டைக் கடித்துக்கொண்டு திண்டாடிய அந்த விளையாட்டு பிறந்த ஊர் ஜப்பான் என்பது தெரியுமா? ஹிதோஷி மட்சுமோட்டோ என்ற நகைச்சுவைக் கலைஞர் 2016-ல் தொடங்கிய 'டாக்குமெண்டல்'தான் அதன் மூலம். அங்கே விதி இன்னும் கடுமை. போட்டிக்கு வரும் ஒவ்வொருவரும் பத்து லட்சம் யென் எடுத்துவந்து மேசையில் வைக்க வேண்டும். கடைசிவரை சிரிக்காதவருக்கு மொத்தப் பணமும்!

அது ஒன்றுதானா? இளம் தொழில்முனைவோர் கோடிகளைக் கேட்டு நிற்க, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கணக்குக் கேட்டுக் குடைவார்களே, 'ஷார்க் டேங்க் இந்தியா', அதன் ஆணிவேர் 2001-ல் நிப்பான் டிவியில் வந்த 'மனே நோ தோரா'. அங்கிருந்து பிரிட்டனுக்குப் போய் 'டிராகன்ஸ் டென்' ஆகி, 2009-ல் அமெரிக்காவில் 'ஷார்க் டேங்க்' ஆகி, அப்புறம்தான் மும்பைக்கு வந்தது. வீட்டு விசேஷத்தில் யாரோ வழுக்கி விழும் வீடியோக்களைத் தொகுத்துப் போட்டு அமெரிக்கர்களை முப்பது வருடத்துக்கு மேலாகச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சியும் டிபிஎஸ் என்ற ஜப்பானியச் சேனலிலிருந்து போனதுதான். பிரபலங்கள் முகமூடி போட்டுப் பாடும் 'மாஸ்க்ட் சிங்கர்'? அது கொரியா! எம்பிசி சேனல் 2015-ல் ஆரம்பித்தது. 2018-ல் யூனிகார்ன் முகமூடியோடு ஒருவர் பாடி முடித்துவிட்டு அதைக் கழற்றினால், உள்ளே ஹாலிவுட் நடிகர் ரயன் ரெனால்ட்ஸ்! அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால், இவ்வளவும் வெளியூருக்குப் போன சரக்கு. அந்த இரண்டு நாட்டுத் தொடர்களையும் ரியாலிட்டி ஷோக்களையும் விடாமல் பார்க்கிறவன் என்ற முறையில் என்னை உண்மையாகவே வாய்பிளக்க வைத்தது வேறொன்று. காத்திருக்கத் தெரிந்த கேமரா! மனிதரைத் தள்ளாமல், தூண்டிவிடாமல், ஓரமாக நின்று பார்க்கும் கேமரா. அவர்களின் மிகச் சிறந்த நிகழ்ச்சிகள் அத்தனையிலும் அது இருக்கிறது. மிக மோசமானவற்றில் அது இல்லை.

ஒரு குழந்தை கடைக்குப் போவதை மட்டுமே காட்டி, ஒரு நிகழ்ச்சி முப்பது வருடத்துக்கு மேல் ஓட முடியும் என்றால் நம்புவீர்களா? நிப்பான் டிவியில் 1991 முதல் வருகிற 'ஹஜிமேதே நோ ஓத்சுகாய்'தான் அது. நெட்ஃபிளிக்ஸ் 2022-ல் 'ஓல்ட் எனஃப்' என்ற பெயரில் அதை உலகத்துக்கே போட்டுக் காட்டியது. அம்மா கையில் பையையும் காசையும் கொடுத்து, "கடைக்குப் போய் வாங்கிட்டு வாடா கண்ணா" என்று அனுப்புகிறாள். குழந்தை வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாகத் தெருவில் இறங்குகிறது. வயது என்ன தெரியுமா? இரண்டு, மூன்று, நாலு! நெட்ஃபிளிக்ஸில் முதலில் வரும் பொடியனுக்கு இரண்டே முக்கால் வயது. ஒரு கிலோமீட்டர் நடந்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறான். சாலையைக் கடக்கும்போது வண்டிக்காரர்கள் கண்ணில் படுவதற்காகக் கையில் ஒரு மஞ்சள் கொடி. மூன்று சாமான் வாங்கச் சொன்னால் இரண்டை வாங்கிக்கொண்டு பாதி தூரம் திரும்பி வந்த பிறகு மூன்றாவது ஞாபகம் வரும். அப்போது அந்த முகத்தில் ஓடுகிற கவலை இருக்கிறதே, தேசிய விருது வாங்கிய எந்த நடிகரும் அதைக் கொடுத்துவிட முடியாது!

இதற்குப் பின்னால் நடக்கிற வேலையைக் கேளுங்கள். குழந்தை போகப்போகும் வழியைப் பெற்றோரும் படக்குழுவும் முன்கூட்டியே நடந்து சோதிக்கிறார்கள். ஆபத்தான திருப்பம் உண்டா, சந்தேகத்துக்கிடமான ஆட்கள் நடமாட்டம் உண்டா, எல்லாம் பார்த்தாக வேண்டும். படப்பிடிப்பு நாளில் குழுவினர் வழிப்போக்கர்கள்போலவும் வேலையாட்கள்போலவும் வேடம் போட்டு, கேமராவை மறைத்துக்கொண்டு தெருவெங்கும் நிற்கிறார்கள். குழந்தை நடுவழியில் உட்கார்ந்து அழுதால்? அவர்களும் நிற்கிறார்கள். ஐந்து நிமிடமோ அரை மணியோ, அது தானாக எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நடக்கும்வரை! பல வருடம் கழித்து அதே குழந்தைகளைத் தேடிப்போய், வளர்ந்து நிற்கும் அவர்களை அந்தப் பழைய காட்சியோடு சேர்த்துக் காட்டுவதும் உண்டு. குழந்தையை இப்படித் தனியாக விடலாமா என்று மற்ற நாடுகளில் பெரிய விவாதமே நடந்தது. ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பெற்றோர் துணையில்லாமல் நடந்தே பள்ளிக்குப் போவது வெகு சாதாரணம் என்பதை மறந்துவிடக் கூடாது. தெருவும் கடைக்காரரும் வண்டியோட்டியும் சேர்ந்து வளர்க்கிற நம்பிக்கை அது. எனக்கு அந்த நிகழ்ச்சியில் குழந்தையைவிட அந்தத் தெருதான் பெரிய அதிசயம்.

ஒரு மனிதர் பசியோடு கடைக்குள் நுழைகிறார், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார், கிளம்புகிறார். கதை முடிந்தது! 2012-ல் டிவி டோக்கியோவில் தொடங்கிய 'கொடோகு நோ குருமே' இவ்வளவேதான். காதல் இல்லை, கொலை இல்லை, மாமியார் இல்லை. யுதாகா மட்சுஷிகே மெல்லுவதையும் மனசுக்குள் பேசிக்கொள்வதையும் பார்க்க நாடே உட்கார்ந்தது. அவர் சாப்பிடும் கடைகள் எல்லாம் நிஜக் கடைகள். எபிசோடு முடிந்ததும் மூலக் கதையை எழுதிய மசாயுகி குசுமி நேரில் அந்தக் கடைக்கே போய்ச் சாப்பிட்டுக் காட்டுவார். 2025-ல் மட்சுஷிகேயே இயக்கித் திரைப்படமாகவும் வந்துவிட்டது. வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு மட்டும் இதைப் பார்க்காதீர்கள்!

மாறுவேடத்தில் நகர்வலம் வரும் ராஜா கதை நமக்குப் புதிதில்லை. அந்த ஒரே கதையை வைத்து 1969 முதல் 2011 வரை, 1,227 எபிசோடு ஓட்டிய தொடர் தெரியுமா? 'மிட்டோ கோமோன்'. ஓய்வு பெற்ற பிரபு ஒருவர் சாதாரண வியாபாரிக் கிழவர் வேடத்தில் இரண்டு துணையாட்களோடு ஊர் ஊராகப் போவார். அங்கே ஓர் அநியாயக்கார அதிகாரி இருப்பான். கடைசியில் துணையாள் தோகுகாவா குலத்தின் முத்திரை போட்ட சின்னப் பெட்டியை எடுத்து நீட்டுவான், அத்தனை பேரும் மண்ணில் விழுந்து வணங்குவார்கள். எட்டு மணிக்குத் தொடங்கும் தொடரில் அந்த முத்திரை வெளியே வருவது சுமார் எட்டே முக்காலுக்கு. வாராவாரம்! என்ன நடக்கப்போகிறது, எப்போது நடக்கப்போகிறது என்று தெரிந்தே நாற்பது வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். நம்மூர் தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்துகொண்டுதானே விடிய விடிய உட்காருகிறோம்?

இப்போது 'ஓஷின்'. இதைச் சொல்லாமல் ஆசியத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசவே முடியாது. என்எச்கே 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை காலை நேரத்தில் ஒளிபரப்பிய தொடர். ஒவ்வொன்றும் 15 நிமிடம், மொத்தம் 297 எபிசோடு. வறுமை தாங்காமல் ஏழு வயதில் அரிசிக்குப் பதிலாக வேலைக்கு அனுப்பப்படுகிற சிறுமி, மெய்ஜி காலத்தில் தொடங்கி முதுமைவரை எப்படி வாழ்ந்தாள் என்பது கதை. ஓஷினாக நடித்தவர்கள் மூன்று பேர்: சிறுமியாக அயாகோ கோபயாஷி, இளம்பெண்ணாக யூகோ தனாகா, மூதாட்டியாக நொபுகோ ஒதோவா. சராசரி ரேட்டிங் 52.6 சதவீதம், உச்சத்தில் 62.9! பனி மூடிய மொகாமி ஆற்றில் தெப்பத்தில் ஏற்றிக் குழந்தையை அனுப்பும் காட்சியில் அழாதவர்கள் யாராவது இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண்மணி. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. ஈரானில் போர்க்காலத்தில் மக்கள் ஓஷினுக்காகக் காத்திருந்தார்கள். இலங்கையிலும் ரூபவாகினியில் வந்தது. அந்த ரூபவாகினி நிலையமே ஜப்பான் அரசின் நன்கொடையில் கட்டப்பட்டு 1982-ல் தொடங்கியதுதான் தெரியுமா? கொரியாவின் 'டே ஜாங் கம்' பின்னாளில் சிங்களம் பேசியதும் அதே ரூபவாகினியில்தான். நம் பக்கத்தில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேசவைத்தபோது, வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். கொரியா என்ற பெயரைப் பலர் காதில் முதலில் போட்டது அந்தச் சேனல்தான்.

கொரியாவுக்கு வருவோம். கே-டிராமா பார்க்கிற எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி உண்டு. கதாநாயகியும் நாயகனும் ஏன் எப்போது பார்த்தாலும் சப்வே சாண்ட்விச்சே சாப்பிடுகிறார்கள்? காரணம் ஒரு சட்டம்! கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் போன்ற தரைவழிச் சேனல்கள் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போடக் கூடாது என்று 1970களில் தடை வந்தது. அது நீங்கியது 2021 ஜூலையில். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு! இடைவேளை விளம்பரமே இல்லாமல் ஒரு மணி நேரத் தொடருக்குப் பணம் எங்கிருந்து வரும்? 2010-ல் கதைக்குள்ளேயே பொருளைக் காட்ட அனுமதி கிடைத்தது. சாண்ட்விச்சும் காபியும் முகக் கிரீமும் செல்போனும் வரிசையாகக் கதைக்குள் நுழைந்தன. அதற்கும் வரம்பு வைத்தார்கள். நிகழ்ச்சி நேரத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, திரையில் கால் பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது. 2017 வாக்கில் சேனல்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தன. ஒரு மணி நேர எபிசோடை இரண்டாக வெட்டி இரண்டு எபிசோடு என்று கணக்குக் காட்டி, நடுவில் விளம்பரம்! திடீரென்று 16 எபிசோடு தொடரெல்லாம் 32 ஆனது இப்படித்தான். உணர்ச்சி உச்சத்தில் சாண்ட்விச் நுழைவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் அந்தத் தடையால்தான் கொரிய எழுத்தாளர்கள் ஒரு மணி நேரத்துக்குத் தொய்வில்லாமல் கதை சொல்லப் பழகினார்கள் என்று நினைக்கிறேன்.

எழுத்தாளர்கள் என்றதும் இன்னொன்று. கே-டிராமாவின் பெரிய பெயர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'கோப்ளின்', 'தி குளோரி' எழுதிய கிம் உன்-சுக், 'சிக்னல்', 'கிங்டம்' எழுதிய கிம் உன்-ஹீ, 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' எழுதிய பார்க் ஜி-உன். அந்தக் கடைசித் தொடரில் வரும் வட கொரியக் கிராமம், அங்குள்ள பேச்சு, வீட்டுச் சாமான்கள் எல்லாம் அவ்வளவு அசலாக இருக்கக் காரணம், வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவர் எழுத்துக் குழுவிலேயே இருந்ததுதான். கதையில் எல்லை பிரித்த ஜோடி ஹியுன் பின், சோன் யே-ஜின் 2022-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்!

'ஸ்க்விட் கேம்' இயக்குநர் ஹ்வாங் டாங்-ஹியுக் பற்றித் தெரிந்திருக்கும். 2009-ல் எழுதி முடித்த கதையை யாரும் தொடவில்லை, காசில்லாமல் மடிக்கணினியையே விற்றார், கடைசியில் படப்பிடிப்பு அழுத்தத்தில் பற்கள் விழுந்தன. அதில் அலியாக வந்து நம்மை அழவைத்த அனுபம் திரிபாதி டெல்லிக்காரர். கொரிய தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்று நடிப்புப் படிக்க 2010-ல் சியோலுக்குப் போனவர்.

ஒரு தொடர் நிஜ மரத்தைக் காப்பாற்றியது தெரியுமா? 2022-ல் 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' வந்தது, அவ்வளவாக யாரும் பார்க்காத இஎன்ஏ என்ற சின்னச் சேனலில். முதல் எபிசோடு ரேட்டிங் 0.9 சதவீதம். கடைசி எபிசோடு 17.5! ஆட்டிசம் உள்ள இளம் வழக்கறிஞர் வூ யங்-வூ, நெடுஞ்சாலை வந்து அழிக்கவிருந்த கிராமத்துக்காக வாதாடுவார். அந்த ஊர்ப் பெரிய மரம் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதும் கிராமம் பிழைக்கும். படம்பிடித்த மரம் சாங்வான் நகரத்துக் கிராமம் ஒன்றில் நிற்கும் சுமார் 500 வயது மரம். கூட்டம் கூட்டமாக ஜனம் போய்ப் பார்த்தது. அரசு நிபுணர்களும் போய்ப் பார்த்தார்கள். அதே 2022 அக்டோபரில் அந்த மரம் நிஜமாகவே இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது! கதை எழுதியபடியே!

கோபம் வரும் கதையும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1998-ல் நிப்பான் டிவியின் 'சுசுனு! டென்பா ஷோனென்' நிகழ்ச்சிக்காக நசுபி என்ற இளம் நகைச்சுவைக் கலைஞரை ஒரு சின்ன அறையில் விட்டார்கள். உடைகளைக் கழற்றச் சொன்னார்கள். சோறு கிடையாது, துணி கிடையாது. பத்திரிகைகளில் வரும் பரிசுப் போட்டிகளுக்கு அட்டை எழுதிப் போட்டு, கிடைக்கும் பரிசை வைத்தே பிழைக்க வேண்டும். பரிசுகளின் மதிப்பு பத்து லட்சம் யென்னைத் தொட்டால் விடுதலை. 335 நாள் ஆயிற்று! நாய்த் தீனி கிடைத்தபோது அதையும் சாப்பிட்டார். வாராவாரம் கோடிக்கணக்கானவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பது அந்த மனிதருக்குத் தெரியாது. முடிந்துவிட்டது என்று கொரியாவுக்குக் கூட்டிப்போய், ஊர் திரும்பும் கட்டணத்துக்காக மறுபடியும் ஒரு அறையில் அடைத்தார்கள். திரும்பி வந்தபின் இன்னொரு அறை. பழக்கத்தில் அவர் உடையைக் கழற்றி உட்கார, நாலு சுவரும் சாய்ந்தன. எதிரே அரங்கம் நிறையப் பார்வையாளர்கள், கைதட்டல்! கேமரா காத்திருக்கவில்லை, வேட்டையாடியது. இதை ஒரு பொழுதுபோக்கு என்று என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் நசுபி என்ன செய்தார் தெரியுமா? அவர் ஃபுகுஷிமாக்காரர். 2011 பூகம்பத்துக்குப் பிறகு சொந்த மண்ணுக்காக உழைத்தார். அந்த மக்களுக்குத் தெம்பூட்ட எவரெஸ்ட் ஏறப் புறப்பட்டு, தோற்று, மறுபடி முயன்று 2016-ல் உச்சியைத் தொட்டார்.

'டெரஸ் ஹவுஸ்' அதைவிடப் பெரிய வலி. ஆறு இளைஞர்கள் ஒரே வீட்டில் அமைதியாக வாழ்வதைக் காட்டிய, எனக்கு மிகவும் பிடித்திருந்த நிகழ்ச்சி. அதில் வந்த 22 வயது மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா, இணையத்தில் கொட்டிய வெறுப்புக்கு நடுவே 2020-ல் உயிரிழந்தார். நிகழ்ச்சி நின்றது. அவருடைய தாயார் ஓயாமல் போராடினார். 2022-ல் ஜப்பான் சட்டத்தையே திருத்தியது. அவமதிப்புக்கு முன்பு 30 நாளுக்கும் குறைவான காவலோ சிறு அபராதமோதான். இப்போது ஓராண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம்.

சரி, இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆச்சரியம் எது? என்னைக் கேட்டால், கொரியத் தொலைக்காட்சியின் உச்சம் எந்தத் தொடரும் இல்லை. 1983 ஜூன் 30 இரவு. கொரியப் போர் நின்று முப்பது வருடம். போரில் சிதறிய குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றைக் கேபிஎஸ் நேரலையாகத் தொடங்கியது. 95 நிமிடம் என்று திட்டம். தொலைபேசிகள் விடாமல் அடித்தன. சியோலின் யோய்டோ பகுதியில் இருந்த நிலையத்தை நோக்கி மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒளிபரப்பை நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் இல்லை! நவம்பர் 14 வரை, 138 நாள், மொத்தம் 453 மணி 45 நிமிடம் ஓடியது. 1,00,952 பேர் விண்ணப்பித்தார்கள். 53,536 பேர் திரையில் தோன்றினார்கள். கழுத்தில் ஓர் அட்டை, அதில் தன் பெயர், அப்பா பெயர், பிரிந்த ஊர், அடையாளம். சிலருக்குத் தன் உண்மைப் பெயரே தெரியாது, அவ்வளவு சின்ன வயதில் பிரிந்தவர்கள். சியோல் அரங்கில் ஒருவர், வேறு ஊர் நிலையத்தில் இன்னொருவர், திரை இரண்டாகப் பிரியும். "காலில் தழும்பு உண்டா?" "வீட்டு முன்னால் என்ன மரம்?" கேள்விகள் ஒன்றொன்றாகப் பொருந்த, குரல் நடுங்க, அண்ணன் தங்கையை அடையாளம் கண்டுகொள்ள... 10,189 குடும்பங்கள் சேர்ந்தன! நாளொன்றுக்குச் சராசரியாக எழுபதுக்கும் மேல். நிலையத்தின் சுவர், படிக்கட்டு, வெளியே நடைபாதை எங்கும் ஆள் தேடும் காகிதங்கள். எழுதிக்கொடுத்த வசனம் ஒன்றுகூட இல்லை. கேமரா செய்ததெல்லாம் அணையாமல் இருந்தது மட்டுமே. 2015-ல் யுனெஸ்கோ அந்த ஒளிப்பதிவுகளையும் ஆவணங்களையும் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கே-டிராமாவில் தொலைந்த தங்கை, மறந்த அண்ணன், விமான நிலையச் சந்திப்பு எல்லாம் ஏன் இத்தனை முறை வருகின்றன என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்வேன். அது அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நடந்த கதை.

இன்னொரு காத்திருப்பும் உண்டு, இது கொண்டாட்டமானது! 'நிஞ்ஜா வாரியர்' என்று உலகம் அழைக்கும் 'சசுகே'. 1997 முதல் டிபிஎஸ்ஸில் வருகிறது. யோகோஹாமாவின் மிடோரியாமாவில் பிரம்மாண்டமான தடைகளைக் கட்டிவைத்து, ஒவ்வொரு போட்டிக்கும் சுமார் நூறு பேரை இறக்குவார்கள். நாலு கட்டம். கடைசியில் கோபுர உச்சிக்குக் கயிற்றில் ஏற வேண்டும், சில பத்து விநாடிகளுக்குள். 2020 வரை நடந்த 38 போட்டிகளில் அதை முழுதாக முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நாலே நாலு பேர்! 1999-ல் முதலில் ஜெயித்த கசுஹிகோ அகியாமா நண்டு பிடித்தவர், கண்பார்வை மங்கலானவர். 2006-ல் ஜெயித்த மகோட்டோ நகானோ மீனவர். இரண்டு முறை ஜெயித்த யூஜி உருஷிஹாரா செருப்புக் கடை விற்பனையாளர். யூசுகே மொரிமோட்டோவும் இரண்டு முறை. ஒலிம்பிக் வீரர்கள் தண்ணீரில் விழ, அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறவர்கள் வீட்டுக் கொல்லையில் மரத்தடை கட்டிப் பழகி வந்து ஏறுகிறார்கள். வருடம் முழுவதும் நிலையம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. யாருமே ஜெயிக்காத வருடத்திலும் நிகழ்ச்சி உண்டு. விதியைத் தளர்த்துவது கிடையாது!

இப்போது கேளுங்கள். ஒலிம்பிக்கில் நவீன பென்டத்லான் என்ற ஐந்து விளையாட்டுப் போட்டி 1912 முதல் நடக்கிறது. அதில் குதிரையேற்றம் 2024 பாரிஸோடு முடிந்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதற்குப் பதிலாக வருவது தடை தாண்டும் ஓட்டம். தொங்கும் வளையங்களும் வளைந்த சுவருமாகப் பார்த்த உடனே அடையாளம் தெரிகிற அந்தப் புதுப் போட்டியை உருவாக்க, சர்வதேசக் கூட்டமைப்பு கைகோத்தது யாரோடு தெரியுமா? சசுகே தயாரிக்கும் அதே டிபிஎஸ்ஸோடு!